எண்ணெய் பட்ட பதினொரு மூட்டுகள்

முத்தழகு போன தை மாதம் இறந்தாள். வயது ஐம்பத்து மூன்று. சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அவள் செய்த வேலையைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது.

ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தின் கடைமடையில் ஒரு சிற்றூர் அவளுக்கு. நிலம் இல்லாத வீடு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நடவு, களை, அறுப்பு என்று முப்பது வருஷம் அடுத்தவர் வயலில் குனிந்து நின்றாள். கணவர் தர்மராஜுக்கும் அதே பிழைப்புதான். கண்மாய் நிறையாத ஒரு வருஷம், குடிநீர்க் குழாய் பதிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று ஊருக்குள் ஒரு வேன் வந்தது. ஆறு பெண்கள் ஏறினார்கள். அதில் முத்தழகு ஒருத்தி. அப்போது வயது நாற்பத்தேழு.

முதல் மூன்று மாதம் மண் சுமந்தாள். பிறகு ஒருநாள் ரிங் அவள் கைக்கு வந்தது.

அது வந்த விதம் இப்படி. பதித்தது நாலு அங்குல இரும்புக் குழாய். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு முனை அகன்றிருக்கும். அதை வாய் என்பார்கள். ஒரு குழாயின் வால் அடுத்த குழாயின் வாய்க்குள் போகும். வெல்டிங் கிடையாது, போல்ட் கிடையாது. வாய்க்குள் இருக்கும் பள்ளத்தில் ஒரு கறுப்பு ரப்பர் ரிங் உட்கார்ந்திருக்கும். அதுதான் தண்ணீரைப் பிடித்து நிறுத்த வேண்டும். ரிங்கை அரசிலை வடிவத்தில் மடித்து வாய்க்குள் விட்டுக் கையை எடுத்தால் அது விரிந்து பள்ளத்தில் பொருந்தும். பிறகு விரலை உள்ளே விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மயிரிழை அளவு தூக்கியிருந்தாலும் ஒழுகும்.

ஃபிட்டரின் கை பெரிய கை. நாலு அங்குல வாய்க்குள் நுழைந்தது, ஆனால் திரும்பவில்லை. அரை மணி நேரமாக ஒரே ரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவரை, தலையில் மண் சட்டியோடு நின்ற முத்தழகு பார்த்தாள்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க. நாத்து முடியப் பிரிக்கிறதுக்கு வாத்தியாரா வேணும்?"

முதல் தடவையிலேயே ரிங் உட்கார்ந்தது. மறுநாளிலிருந்து அது அவள் வேலையானது. இரண்டு மாதத்தில் ஃபிட்டர் தன் ஊருக்குப் போனார், திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் முத்தழகு விரல் படாத குழாய் மூட்டு ஒன்றுகூட இல்லை. வேலை பார்க்கும் இடத்தில் அவளை ரிங்கம்மா என்றார்கள்.

ரிங்கின் ஓரத்தில் நாலு ஆங்கில எழுத்துகள் புடைத்திருக்கும். ஈ.பி.டி.எம். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. மூன்று பல் சீப்பு, கம்பத்துக் கொடி, பாதி அப்பளம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூரை என்று அடையாளம் வைத்திருந்தாள். ஒவ்வொரு ரிங்கிலும் விரலால் அந்த நாலையும் தேடுவாள். ஒருமுறை எழுத்தே இல்லாத ஒரு கட்டு வந்தது. அப்படியே வண்டியில் திருப்பி ஏற்றிவிட்டாள். இறக்க வந்தவர் சண்டைக்கு நின்றார். "கூரை எங்கனய்யா இருக்கு, காட்டு" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டு திரும்பிப் போனது.

அந்த ரப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலி நெடுகிலும் இரட்டைப் பிணைப்புகள் இருக்கும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அந்த இடத்தில்தான் கடிக்கும். அதனால்தான் முற்றத்தில் கிடக்கும் பழைய டியூப் ஒரு கோடைக்குள் வெடித்துப் போகிறது. எத்திலீன், புரொப்பிலீன் இரண்டையும் கோத்துச் செய்யும் இந்த ரப்பரின் முதுகெலும்பில் அந்தப் பலவீனம் இல்லை. வெயில், மழை, உப்புக் காற்று, கொதிநீர், நீராவி எல்லாவற்றையும் தாங்கும். கார் கதவின் ஓரப் பட்டை, பேருந்துக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் விளிம்பு, ரேடியேட்டர் ஹோஸ், சோலார் தகட்டைச் சட்டத்தோடு இறுக்கும் கிளிப்புக்குள் வைக்கும் திண்டு, வெட்டவெளியில் ஓடும் மின்கம்பியின் உறை, மொட்டை மாடியில் விரிக்கும் விரிப்பு என்று வானத்தைப் பார்த்துக் கிடக்கும் இடமெல்லாம் இதுதான். பத்து, இருபது வருஷம் அசையாது.

இதெல்லாம் படித்து வந்த அறிவு. முத்தழகுக்கு வேறு வழியில் தெரிந்திருந்தது. வாலிநோக்கத்தில் வேலை தொடங்கியபோது கொட்டகையின் தகரக் கூரை பறக்காமலிருக்க யாரோ ஒரு ரிங்கைக் கம்பியில் இழுத்து மாட்டியிருந்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து அவள் அதை இறக்கிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த இரும்புக் கம்பி துருவேறி உதிர்ந்தது. ரிங்கைத் துடைத்து ஒரு குழாயின் வாயில் போட்டாள், பொருந்தியது. அதற்குப் பிறகு பேருந்தில் ஏறினால் ஜன்னல் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். அழுத்தின பள்ளம் சட்டென்று எழும்பினால், "நம்ம ரப்பர்" என்பாள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும்.

இனி அந்தத் தவறு.

குழாயின் வால் வாய்க்குள் வழுக்கிப் போக, ரிங்கின் மேல் சோப்புக் கரைசல் பூச வேண்டும். ஃபிட்டர் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஏன் சோப்பு, வேறு எதைப் பூசக் கூடாது என்று சொல்லவில்லை. வாலிநோக்கம் உப்பளத்து ஓரமாக வரி, அதாவது குழாய் போகும் பள்ளம், தோண்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல தண்ணீர் லாரி வரவில்லை. பள்ளத்தில் ஊறி நின்றது உப்பு நீர். அதில் சோப்பைக் கரைத்தார்கள். நுரைக்கவில்லை. திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக மிதந்தது.

கூட வேலை பார்த்த நாகஜோதி, தர்மராஜின் தங்கை. மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"மதினி, இன்னைக்கு அம்புட்டுத்தேன். கெளம்புவமா?"

"லாரிக்காரனுக்குப் போனப் போடு."

"போட்டாச்சு. ஏர்வாடிக்கிட்ட டயர் வெடிச்சுக் கெடக்கானாம். பொழுது சாயத்தான் வருவானாம். தண்ணிக் குழா போட வந்த எடத்துல தண்ணி இல்லாம நிக்கிறோம், பாத்துக்க."

வரி தோண்டிக் கிடந்தது. ஒருநாள் விட்டால் கரை சரிந்து மறுபடி தோண்ட வேண்டும். முத்தழகு யோசித்தாள். மாட்டு வண்டி அச்சுக்கு எண்ணெய் போட்டுத்தானே ஓட்டினோம்? வழுக்கினால் போதாதா? ஜேசிபி ஓட்டும் காஜா நவாஸைக் கூப்பிட்டாள்.

"தம்பி, ஒன் வண்டில கழிச்ச ஆயிலு கெடக்கா?"

"கெடக்குக்கா. என்னத்துக்கு, தலைக்குத் தேச்சுக் குளிக்கவா?"

"ஒனக்குச் சங்குல ஊத்த. கொண்டா இங்கன."

கை நிறைய அள்ளிப் பூசினாள். வால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. மாலைக்குள் பதினொரு மூட்டு. அன்றைக்கு எல்லோரும் அவளைத்தான் பாராட்டினார்கள். மறுநாள் லாரி வந்தது, சோப்பு வந்தது, வேலை பழையபடி ஓடியது.

அடுத்த திங்கட்கிழமை பிரஷர் டெஸ்ட். குழாயை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. முள் இறங்கவில்லை. எண்ணெய் பட்ட மூட்டுகளும் சொட்டுக்கூட ஒழுகவில்லை. என்ஜினியர் வசந்தகுமார் கையெழுத்துப் போட்டார். மூட்டுகளின் மேல் மண் மூடியாயிற்று. அந்த வரியின் கடைசியில் இருக்கும் குடியிருப்புக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தண்ணீர் திறப்பதாகத் தேதியும் குறித்தார்கள்.

வியாழக்கிழமை காஜா நவாஸ் ஜேசிபியின் ஹோஸ் ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும்.

"அக்கா, ரப்பர்ல எம்புட்டுச் சாதி இருக்கு தெரியுமா? ஒருக்கா அவசரத்துக்குத் தண்ணிப் பம்பு ரிங்க எடுத்து இந்த ஆயில் லைன்ல மாட்டிட்டேன். ரெண்டே நாளு. பணியாரம் மாதிரி உப்பி வெளிய எட்டிப் பாக்குது! எங்க மொதலாளி என்னைய ஏசின ஏச்சு இருக்கே, அல்லாவே!"

எல்லோரும் சிரித்தார்கள். முத்தழகு கையில் எடுத்த சோற்றை வட்டிலில் திரும்ப வைத்தாள்.

"தண்ணிப் பம்பு ரிங்குன்னா, நம்ம ரிங்கு மாதிரியா?"

"அதே சாதிதான்னு நெனைக்கிறேன். ஏன்க்கா?"

முத்தழகு எழுந்தாள். கிழிந்து ஒதுக்கி வைத்த ரிங் ஒன்றை எடுத்து இரண்டு துண்டு நறுக்கினாள். ஒன்றைக் கழிவு எண்ணெய் டப்பாவில் போட்டாள். இன்னொன்றை உப்பளத்திலிருந்து வெளியேறும் கெட்டி உப்பு நீரில் போட்டாள். இரண்டையும் கொட்டகையில் தன் பைக்குப் பின்னால் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்துப் பார்த்தாள். உப்பு நீரில் கிடந்தது அப்படியே இருந்தது. எண்ணெயில் கிடந்தது ஊறின உளுந்து மாதிரி ஒன்றரை மடங்காகப் பருத்திருந்தது. நகத்தால் கீறினால் கீறல் நின்றது.

சென்னையில் பாலிமர் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்த மகளைப் போனில் கூப்பிட்டாள். அந்த ரப்பர் பெட்ரோலியத்திலிருந்து வருவது, எண்ணெயும் அங்கிருந்தே வருவது, ஒரே குலம் என்பதால் எண்ணெயை உள்ளே விட்டுவிடும் என்று மகள் சொன்னாள்.

"அப்ப பொறந்த வீட்டு ஆளுகளக் கண்ட மருமக மாதிரி வீங்கிப் போயிருதுங்கிற."

"ஆமாம்மா. முதல்ல இறுக்கமாத்தான் நிக்கும். டெஸ்ட்ல தெரியாது. போகப் போகத் தளந்துரும்."

"வெயிலுக்கு அசையாதது, உப்புக்கு அசையாதது, இந்த எண்ணெய்க்குப் போயி..." என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

நாகஜோதியிடம்தான் முதலில் சொன்னாள். துண்டைக் காட்டினாள்.

"ஒனக்கென்ன கிறுக்கா மதினி? டெஸ்ட்டு பாஸாயிருச்சு, மண்ணும் மூடியாச்சு. இப்பப் போயிச் சொன்னா ஒன்னய மட்டுமா வெரட்டுவான்? ஆறு பேரையும் வண்டில ஏத்தி ஊருக்கு அனுப்பிருவான். பொம்பள கையில ரிங்கக் குடுத்தா இப்பிடித்தேன்னு பேசுவாய்ங்க. திரும்ப மண்ணு செமக்கப் போறியா?"

அந்தக் கடைசிக் கேள்வி முத்தழகுக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் அடுத்தவர் சொன்ன இடத்தில் நட்டாள், சொன்ன இடத்தில் அறுத்தாள். இது ஒன்றுதான் அவளிடம் கேட்டுச் செய்யும் வேலை. ரிங் உட்கார்ந்ததா என்று அவள் சொன்ன பிறகுதான் ஜேசிபி குழாயைத் தள்ளும். அதை விடுவதற்கு அவளுக்கு மனமில்லை.

திங்கட்கிழமை காலை வசந்தகுமார் வண்டியை நிறுத்தியதும் போய் நின்றாள். துண்டுகள் இரண்டையும் நீட்டினாள். நடந்ததைச் சொன்னாள். ஆயில் கேட்டது தான்தான், காஜா நவாஸுக்கும் மற்றவர்களுக்கும் சம்பந்தமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

வசந்தகுமார் துண்டைப் பிதுக்கிப் பார்த்தார். "இது நாலு நாள் முழுசா ஊறினதும்மா. மூட்டுல இருக்கறது பூச்சுதானே? அவ்வளவு ஆகாது. வெள்ளிக்கிழமை தண்ணி திறக்கணும். இப்ப பதினொரு இடத்துல தோண்டினா நான் மேல என்ன சொல்றது?"

"ஒண்ணத் தோண்டிப் பாருங்க சார். நல்லா இருந்துச்சுன்னா நாளைலருந்து நான் சட்டியத் தூக்கிக்கிட்டு மண்ணுக்குப் போயிறேன்."

"ஒழுகுனா ரிப்பேர் பண்ணிக்கலாம்மா."

"எங்கன ஒழுகுதுன்னு எவன் தேடுவான்? நீங்களும் இருக்க மாட்டீக, நானும் இருக்க மாட்டேன். இப்பன்னா எனக்கு எடம் தெரியும். அது மட்டுமில்ல சார். இங்கிட்டு ஒருநா விட்டு ஒருநாதான் தண்ணி விடுவாக. விடாத அன்னைக்கிக் குழா வெறும் வயிறாக் கெடக்கும். வெளிய நிக்கிறது பூராம் உப்புத் தண்ணி. தளந்த ரிங்கு வழியா அது உள்ள போகாதா?"

வசந்தகுமார் தோண்டச் சொல்லிக் காஜா நவாஸுக்குக் கைகாட்டினார்.

முதல் மூட்டைத் தோண்டினார்கள். மெல்லிய எஃகுத் தகட்டை வாயின் இடுக்கில் விட்டுச் சுற்றிலும் ஆழம் பார்த்தார்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு, ரிங் நகரவில்லை. ஜேசிபியில் சங்கிலி கட்டி இழுத்துப் பிரித்தார்கள். ரிங் புதிதாக இருந்தது. கழற்றி மறுபடி போட்டால் கச்சிதமாக உட்கார்ந்தது. நாகஜோதி தலையில் அடித்துக்கொண்டாள். காஜா நவாஸ் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ரிங்கம்மா, கம்பெனி ரிங்கு ஒங்க பேச்சக் கேக்கலையே!"

முத்தழகு குழிக்குள் இறங்கி ரிங்கை மோந்து பார்த்தாள். சோப்பு வாசம்.

"இது இல்ல சார். முந்தின நாளு கரைச்சு மிச்சமிருந்த சோப்புத் தண்ணி இதுல போச்சு. நான் அடையாளத்துக்கு வச்ச கல்லுலருந்து எண்ணுறதுல ஒண்ணு பிசகிட்டேன். அடுத்தது."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"இப்பத்தான சார் மோந்து பாத்தேன்."

வசந்தகுமார் கடிகாரத்தைப் பார்த்தார். "இது ஒண்ணுதான். இதோட முடிஞ்சது."

அடுத்த மூட்டில் தகடு பாதி ஆழத்திலேயே முட்டியது. இழுத்துப் பிரித்தபோது ரிங் பள்ளத்தை விட்டுப் பிதுங்கி வந்தது. டப்பாவில் ஊறிய துண்டு அளவுக்குப் பருக்கவில்லைதான். ஆனால் எண்ணெய் பட்ட விளிம்பு முழுவதும் தடித்துக் கொழகொழத்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் எழும்பவில்லை. திரும்பப் போட்டால் உட்காரவில்லை. குழாய்க்குள் தேங்கியிருந்த தண்ணீரில் பல நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. வசந்தகுமார் கையில் அள்ளி மோந்துவிட்டு உதறினார்.

"இதைக் குடிக்கவா கொடுக்கப் பார்த்தோம்?" என்றார். அவர் கேட்டது யாரையும் பார்த்து இல்லை.

பதினொன்றையும் தோண்டச் சொன்னார். அப்படியே ஒதுங்கிப் போய் வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டார். ஒப்பந்தக்காரர் கத்தியது குழிக்குள் நின்றவர்களுக்கே கேட்டது. அந்தப் பொம்பளையை முதலில் ரிங்கிலிருந்து எடு என்றார். முத்தழகு சட்டியைத் தேடி எடுத்துத் தலைத்துணியைச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

வசந்தகுமார் போனில் மெதுவாகச் சொன்னார்: "எடுக்கறேன் சார். வேற ஆள் போடறேன். நாளைக்கு அவன் ஒரு தப்புப் பண்ணினா, டெஸ்ட் பாஸான பிறகு வந்து என்கிட்ட சொல்லுவானா, அதை மட்டும் நீங்க சொல்லுங்க."

உன் பொறுப்பு என்று சொல்லி ஒப்பந்தக்காரர் போனை வைத்துவிட்டார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர், அவள் கையிலிருந்த சட்டியைப் பார்த்தார்.

"அதைக் கீழ வைங்கம்மா. ரிங் யார் போடறது?"

நல்ல தண்ணீர் அன்றும் சிக்கலானது. லாரி மதியத்துக்கு மேல்தான் வரும். குழாயையெல்லாம் சோப்பு போட்டுக் கழுவி எண்ணெயை நீக்க வேண்டும், பிறகு புது ரிங்குக்குக் கரைசல் வேண்டும். முத்தழகு இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு வரியின் கடைசியில் இருந்த குடியிருப்புக்கு நடந்தாள். அங்கே ஒரு வாசலில் நீல டிரம்கள் வரிசையாக நின்றன. சூஃபியா என்ற பெண் மூடியைத் திறந்தபடி கேட்டாள்.

"எங்களுக்குத் தண்ணி கொண்டாரோம்னு வந்தவங்க எங்ககிட்டயே தண்ணி கேக்குறீங்களா? இது வெலைக்கு வாங்குன தண்ணி, தெரியும்ல?"

"தெரியும் தாயி. குடிக்கக் கேக்கல. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், அதக் கழுவணும்."

என்ன தப்பு என்று சூஃபியா கேட்டாள். முத்தழகு வாசலில் நின்றபடியே முழுக்கச் சொன்னாள். சூஃபியா சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. இரண்டு குடத்தையும் நிரப்பினாள். பக்கத்து வீடுகளுக்குக் குரல் கொடுத்தாள். நாலைந்து பெண்கள் ஆளுக்கொரு குடத்தோடு வரியோரம் வந்து சேர்ந்தார்கள். தங்கள் தண்ணீர் என்ன பாடுபடுகிறது என்று பார்க்கும் ஆவலும் அதில் இருந்தது.

சோப்பு நுரைத்தது.

இரண்டரை நாளில் பதினொரு மூட்டும் புதிதாக உட்கார்ந்தன. ஒவ்வொரு வாயையும் மூன்று முறை கழுவினாள். துடைத்த துணியை மோந்து பார்த்து, எண்ணெய் வாசம் போனால்தான் ரிங்கை எடுத்தாள். வசந்தகுமார் ஒவ்வொரு மூட்டாகத் தகடு விட்டுப் பார்த்தார். புதன்கிழமை மாலை மறுபடி அழுத்தம் ஏற்றினார்கள். முள் நின்ற இடத்தில் நின்றது. அதைவிட, குழாயைத் திறந்துவிட்டு வழிந்த தண்ணீரை அவள் ஒரு டம்ளரில் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

அந்த வாரத்தோடு எதுவும் முடியவில்லை. அதற்குப் பிறகு நாலு வருஷம் அவள் ரிங் போட்டாள். நயினார்கோவில் பக்கம், கடலோரம், சாலைக்குக் கீழே என்று எத்தனை மைல் குழாய் என்று யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. கோடையில் பள்ளத்துக்குள் நின்று, ஒதுங்க இடமில்லாத காரணத்தால் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தாள். அதன் விலை என்னவென்று மருத்துவர் பின்னால் சொன்னார். அவள் போட்ட மூட்டுகள் மண்ணுக்கு அடியில் இருக்கின்றன. வெயில் படாத இடத்தில், உப்புக்கு நடுவில், அந்த ரப்பர் இன்னும் ஐம்பது வருஷம் இருக்கும். இது கணக்குப் போட்டுச் சொல்வது.

தண்ணீர் திறந்த வெள்ளிக்கிழமை குடியிருப்பில் பந்தல் போட்டிருந்தார்கள். முத்தழகு அங்கே இல்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளி அடுத்த வரியில், பள்ளத்துக்குள், ஒரு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலே நின்ற நாகஜோதிக்குப் போன் வந்தது.

"மதினி, சூஃபியாதான் பேசுது. வந்துருச்சாம்! கொழாய்ல தண்ணி வந்துருச்சாம்!"

"வாசம் அடிக்குதான்னு கேளு."

நாகஜோதி கேட்டாள். அந்தப் பக்கம் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. குடித்துப் பார்க்கிறாள் போலிருந்தது.

"அடிக்கலையாம்."

முத்தழகு கையை நீட்டினாள். "ரிங்கக் குடு."

நாலு எழுத்தையும் விரலால் தேடிவிட்டு, அரசிலையாக மடித்து, உள்ளே விட்டாள்.